முதல் வாய்

கோமதிநாயகம் அந்த வீட்டுக்கு முதல் வாய். பாளையங்கோட்டையில் வீட்டுக்கு ஒரு முதல் வாய் உண்டு. தேதி முடிந்த பண்டம் எதுவானாலும் முதல் வாய்தான் முதலில் சாப்பிடும். மற்றவர்கள் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர்களும் சாப்பிடுவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கு உப்புமா.

சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் முழுக்க அவருக்கு. அந்தப் பக்கம் ஒரே நாற்காலி. எதிர்ப்பக்கத்தில் மனைவி சங்கரவடிவும் அவள் தம்பி ஆவுடையப்பனும். ஆவுடையப்பன் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். கல்யாணத்துக்கு மறுநாள் வந்தான்.

கோமதிநாயகம் மெல்லும்போது ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்ப்பான். சங்கரவடிவு அவரைப் பார்ப்பாள். வேறு எதையும் பார்க்க மாட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்ப மாட்டாள்.

மற்ற நேரங்களில் அவள் அவரைப் பார்ப்பதே கிடையாது. பேசுவதானால் அவருக்குப் பின்னால் தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பேசுவாள். சேலை வாங்கி வந்து நீட்டினால் சேலையைப் பார்ப்பாள். கெட்டுப்போயிருக்கலாம் என்கிற சோற்றை அவர் வாயில் வைக்கும்போது மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள்.

அந்தப் பார்வைக்காக அவர் என்னென்னவோ சாப்பிட்டிருக்கிறார். பூஞ்சை பூத்த ரொட்டி. நூல் விட்ட சாம்பார். தனியாக ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்ட குருமா. எல்லாவற்றையும் மெதுவாக மென்றார். வேகமாக விழுங்கினால் பார்வையும் வேகமாக முடிந்துவிடும்.

அன்றைக்கு இட்லி மாவின் முறை.

சங்கரவடிவு தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குள் போனாள். போனால் வர நேரமாகும். உள்ளே முதலில் தக்காளி. தக்காளியைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் போன தீபாவளி. அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திரும்பி வரும்போது அவளோடு பக்கத்து வீட்டு மரகதம் மைனியும் வந்தாள். இரண்டு வீட்டு ஃப்ரிட்ஜும் உள்ளே ஓரிடத்தில் சேரும். மைனி கொத்தமல்லி தேடிக்கொண்டு இருந்தாளாம்.

மாவுப் பொட்டலம் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"தேதி நேத்தோட முடிஞ்சிருக்கு," என்றாள் சங்கரவடிவு, காலண்டரிடம்.

"மோந்து பாத்தியாட்டி?" என்றாள் மைனி.

"பாத்தேன். மாவு மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் பெட்ரோல் மாதிரியும் இருக்கு."

"புளிச்சா நல்லதுதான. புளிக்கட்டும்னுதான வைக்கோம்."

"புளிக்கது வேற மைனி, கெட்டுப்போறது வேற."

"அது எந்த இடத்துல வேறயாவுது?"

யாருக்கும் தெரியவில்லை. அதற்காகத்தான் முதல் வாய் என்று ஒருத்தரை வைத்திருப்பது.

சங்கரவடிவு மாவைப் பாத்திரத்தில் கொட்டி, ஒரே ஒரு இட்லி அவித்துத் தட்டில் வைத்தாள். கோமதிநாயகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையைச் சீவியிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, காலண்டரிலிருந்து கண்ணை இறக்க ஆரம்பித்தாள். கண் அவர் நெற்றி வரை வந்துவிட்டது. அப்போதுதான் ஆவுடையப்பன் ஃபேன் போட எழுந்து அவருக்குப் பின்னால் போனான்.

"அத்தான், அசையாதீங்க."

"என்னல? பூச்சியா?"

"பூச்சி இல்ல. தேதி."

பிடரியில், காலருக்குச் சற்றுக் கீழே, பால் பாக்கெட்டில் போடுகிற அதே ஊதா மையில் அச்சடித்திருந்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். அதுவும் நேற்றோடு முடிந்திருந்தது.

"இது எப்பவுமே அங்க இருந்துச்சா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"அவங்கவங்க பிடரிய யாரு பாக்கா," என்றாள் மைனி.

சங்கரவடிவு தட்டை எடுத்துக்கொண்டாள். அவள் கண் மறுபடி காலண்டருக்குப் போய்விட்டது.

"இட்லி ஆறிருமே," என்றார் அவர்.

"ஆறட்டும்."

ஆவுடையப்பன் சட்டம் படித்தவன். முதல் வருடம் வரை படித்தான். விஷயத்தை அவன்தான் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னான்.

"அத்தான் இத சாப்பிட்டு அத்தானுக்கு ஏதாவது ஆச்சுன்னு வச்சுக்குவோம். மாவு கெட்டிருந்துச்சா, அத்தான் கெட்டிருந்தாரான்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணும் ஆகலைன்னா?"

"ரெண்டும் கெட்டிருக்கும். ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிருக்கும்."

"எனக்கு ஒண்ணுமில்லல. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் கோமதிநாயகம்.

"பாலும் அப்படித்தான் அண்ணாச்சி சொல்லும்," என்றாள் மைனி. "அடுப்புல வைக்கிற வரைக்கும்."

மாவுப் பாத்திரத்தின் மூடி லேசாக எழுந்து மறுபடி உட்கார்ந்தது. எல்லோருக்கும் பசித்தது. உப்புமா கிண்டலாம் என்றால் ரவையும் தேதி முடிந்தது. அந்த வீட்டில் தேதி முடியாத பொருள் உப்பு மட்டும்தான். ஆகவே முதலில் கோமதிநாயகத்தை முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

ஆவுடையப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு பிடரியைப் படித்தான். தேதிக்கு மேலே இருந்த வரி காலர் உரசி உரசி அழிந்துபோயிருந்தது. 'முன்' என்பது மட்டும் தெரிந்தது.

"அங்கதான் சிக்கலே இருக்கு," என்றான். "இந்தத் தேதிக்கு முன்னால சாப்பிட்டா நல்லாருக்கும்னு போட்டிருந்தா, அது ருசிக்குச் சொன்னது. பின்னால சாப்பிட்டாலும் பாதகமில்ல. இந்தத் தேதிக்கு முன்னால சாப்பிட்டே தீரணும்னு போட்டிருந்தா, அது உசிருக்குச் சொன்னது. பின்னால தொடவே கூடாது."

"அண்ணாச்சி எந்த வகை?"

"முன்னால நல்லா இருந்தாருன்னா முதல் வகை."

எல்லோரும் சங்கரவடிவைப் பார்த்தார்கள்.

"நான் என்ன ருசி பாத்தா வாங்குனேன்," என்றாள் அவள். "எங்கப்பால்லா வாங்கிட்டு வந்தாரு."

தேதிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.

"பாளையங்கோட்டையில குளிர்ந்த இடத்துக்கு நான் எங்க போவேன்," என்றாள் சங்கரவடிவு.

"உலர்ந்த இடத்துலயாவது வச்சிருக்கலாம்லா," என்றான் தம்பி. "விடிஞ்சா ஆத்துல முங்கி முங்கி எந்திரிச்சா பண்டம் என்னத்துக்கு ஆவும்?"

கோமதிநாயகம் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததில் பிடரி இன்னும் நன்றாகத் தெரிந்தது.

மைனி அவர் காதுக்குப் பின்னால் மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தாள். "லேசாப் புளிப்பு இருக்கு."

"அது கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு," என்றாள் சங்கரவடிவு.

"அப்ப அத கணக்குல சேக்கக் கூடாது."

"வடிவு," என்றார் கோமதிநாயகம். "நீ ஒருதடவ என்னயப் பாத்துச் சொல்லேன்."

"அதான் எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்," என்றாள் அவள், கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபடி.

பின்கட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள். முட்டைக்குச் செய்வதுதான். நல்ல முட்டை அடியில் படுக்கும். கெட்ட முட்டை மிதக்கும். கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் இடுப்பளவு தெரிகிற தொட்டி, இறங்கினால் நல்ல ஆழம். அடியில் காணாமல் போன டம்ளர்கள் இருந்தன. ஒரு டம்ளரில் பாதி காப்பி அப்படியே இருந்தது.

அவர் தண்ணீருக்குள் நேராக நின்றார். மிதக்கவில்லை. படுக்கவும் இல்லை.

மேலேயிருந்து குரல்கள் கேட்டன.

"நிக்காரு."

"நின்னா என்ன அர்த்தம் மைனி?"

"நின்னா, இன்னைக்கே செலவழிச்சிரணும்னு அர்த்தம். நாளைக்கு வைக்கக் கூடாது."

கோமதிநாயகம் படுக்கப் பார்த்தார். கையைக் காலை மடக்கிப் பார்த்தார். வயிற்றில் காற்று இருந்தது, நிமிர்த்திவிட்டது. நல்ல முட்டைக்குப் படுப்பது தானாக வரும். அவர் அண்ணாந்து பார்த்தார். தண்ணீருக்கு மேலே மைனியின் மூக்குத்தியும் ஆவுடையப்பனின் மீசையும் நெளிந்தன. மூன்றாவது முகம் வரும் என்று மூச்சு முட்டும் வரை காத்திருந்தார். வரவில்லை.

ஈரத்தோடு எந்த முடிவுக்கும் வர முடியாது என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். பழைய வேட்டியை விரித்து, மிளகாய் வற்றலுக்கும் ரவைக்கும் நடுவில் அவரைக் காயப்போட்டார்கள். அடிக்கடி திருப்பிவிட்டார்கள். வெயில் ஏறியதும் ரவையிலிருந்து வண்டுகள் இறங்கி நடந்தன. கோமதிநாயகத்திடமிருந்தும் இறங்கின. முதலில் ஒரு பழைய பஸ் நம்பர். பிறகு அவருடைய கணக்கு வாத்தியார், கையில் சாக்பீஸோடு, வேட்டி ஓரம் வரை நடந்து தண்ணீர்த் தொட்டி நிழலுக்குள் போனார். நாங்குநேரியில் தவறவிட்ட குடை போனது. யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் இடம் கிடைக்காத கோபம் ஒன்று போனது. அது நல்ல கறுப்பாக, ஆறு காலோடு இருந்தது.

"போவட்டும், போவட்டும்," என்றாள் மைனி, முறத்தால் விசிறிக்கொண்டே. "இதெல்லாம் உள்ள கெடந்தாத்தான் சீக்கிரம் கெட்ரும்."

சங்கரவடிவின் பார்வை அவருடைய சட்டைப் பையிலிருந்து மெல்லத் தலையை நீட்டியது. கோமதிநாயகம் பையைக் கையால் பொத்திக்கொண்டார். திருப்பிவிட வந்தபோதும் கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஈரமாகவே இருந்துவிட்டது.

"மாட்டுக்கு வச்சுப் பாத்திருவோமா?" என்றான் ஆவுடையப்பன்.

தெரு மாட்டைக் கூப்பிட்டார்கள். படியேறி வந்தது. சுவரொட்டியைப் பசையோடு தின்கிற மாடு அது. கோமதிநாயகத்தின் கால் பக்கத்தில் ஆரம்பித்து நிதானமாக மோந்துகொண்டே வந்தது. காதை ஒரு தடவை நக்கியது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ரவையில் ஒரு வாய் அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

"ரவை நல்லாருக்கு போல," என்றாள் மைனி.

"அத்தான்?"

"நக்குச்சு. ஆனா தின்னலை. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு."

கீழே வந்தபோது மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி அடுக்களைத் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. எல்லோரும் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார்கள். கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாற்காலியில் அவரை உட்காரச் சொல்லலாமா கூடாதா என்று இன்னும் முடிவாகவில்லை.

"குப்பை வண்டி வார நேரம்," என்றான் ஆவுடையப்பன். "மக்கும் குப்பையா, மக்காத குப்பையா? அத மட்டும் சொல்லுங்க. சேத்துப் போட்டா வண்டிக்காரம்மா சத்தம் போடும்."

"மக்கும்," என்றார் கோமதிநாயகம். அதில் அவருக்கு ஒரு ரோஷம் இருந்தது.

சங்கரவடிவு காலை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். மாவு அவள் நாற்காலிக் காலைத் தொட்டது.

"தூக்கிப்போட மனசு வரலல," என்றாள்.

கோமதிநாயகம் சட்டென்று நிமிர்ந்தார். அவள் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவு இருக்கு. மொத நாள் இட்லிக்கு ஆவும். மறுநாள் தோசைக்கு ஆவும். அதுக்கும் புளிச்சிட்டா ஊத்தாப்பம். அப்புறம் பணியாரம். யாராவது தூக்கியா போடுதோம்?"

"அதுக்கு?"

"இவுக புருஷனுக்கு ஆகாது. சித்தப்பாவுக்கு ஆகும்."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. இத்தனை நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று மைனி நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"நல்ல யோசனைட்டி. அதுவும் வெளியூர்ச் சித்தப்பான்னா புளிப்பே தெரியாது. எப்பவாவது வாரவருதான."

"வடிவு," என்றார் கோமதிநாயகம். "எனக்குச் சித்தப்பா வேண்டாம். நான் இந்த நாற்காலியிலயே..."

"எந்த ஊர்ச் சித்தப்பாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"கடையம்," என்றாள் அவள்.

கோமதிநாயகம் கடையத்தைப் பார்த்ததில்லை. அங்கே மழை எப்படி என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே வாசலுக்கு வெளியே நின்றார். கையில் மஞ்சப்பை. பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம். சட்டையில் பஸ் நெரிசலில் கசங்கிய மடிப்பு. அவர் அழைப்பு மணியை அழுத்தினார். சங்கரவடிவு கதவைத் திறந்தாள்.

"வாங்க சித்தப்பா. பஸ்ஸு கூட்டமா?"

"கூட்டந்தான்," என்றார். குரல் அவருடையதுதான்.

"சித்திய ஏன் கூட்டிட்டு வரலை?"

"அவளுக்கு முழங்கால் வலி."

சொன்ன பிறகு அந்த முழங்காலை நினைத்து அவருக்குக் கவலையாக இருந்தது. தைலம் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"கடையத்துல மழையா சித்தப்பா?" என்றான் ஆவுடையப்பன்.

"மேகம் போட்டுச்சு. பெய்யலை."

சித்தப்பாவாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்தான். ஆனால் சங்கரவடிவு பேசும்போது அவருக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே காலண்டர்கூட இல்லை. வெறும் சுவர்.

ஆவுடையப்பன் முக்குக் கடைக்குப் போய்ப் புதுப் புருஷனோடு வந்தான்.

"முன் வரிசைல இருக்கதெல்லாம் பழசு," என்றான். "பின்னால கைய விட்டு உருவிட்டு வந்தேன். கடைக்காரரு ஒரு மாதிரி பாத்தாரு. பாக்கட்டும்."

புதுப் புருஷன் நல்ல உயரம். சட்டையில் பெட்டி மடிப்பு. காலரில் குண்டூசி குத்தியபடியே இருந்தது. புது பிளாஸ்டிக் வாளி வாசனை வந்தது. சங்கரவடிவு அவன் தோளைப் பிடித்துத் திருப்பிப் பிடரியைப் பார்த்தாள்.

"நெறைய நாள் இருக்கு," என்றாள்.

"பேரு என்ன மாப்பிள்ளை?" என்று கோமதிநாயகம் கேட்டார். சித்தப்பா என்றால் கேட்க வேண்டும்.

"இன்னும் பிரிக்கலை மாமா," என்றான் அவன் மரியாதையாக.

மத்தியானம், விருந்தாளி வந்தும் இலை போடாமல், அதே மாவில் அதே இட்லி அவித்தார்கள். மாவு அதற்குள் ஹாலைத் தாண்டிவிட்டது. வழியில் அகப்பட்டதை அள்ளித்தான் ஊற்றினாள். எதிர்ப்பக்கத்து ஒற்றை நாற்காலியில் புதுப் புருஷனை உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் மூன்று நாற்காலி. சங்கரவடிவுக்கும் ஆவுடையப்பனுக்கும் நடுவில் கோமதிநாயகம். மரகதம் மைனி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு அதன் வாசலில் நின்று பார்த்தாள். அது அவள் வீட்டு எல்லை.

தட்டில் ஒரு இட்லி வந்தது.

வாசனை மேசையைத் தாண்டி வந்தபோதே கோமதிநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது. இது இட்லிக்கு ஆகாது. தோசைக்கும் ஆகாது. பணியாரத்தையும் தாண்டிப் போய்விட்டது. முதல் வாயாக இருந்தவருக்கு இது தெரியாமல் போகாது. காலையில் கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பார். யாரும் மாவைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

புதுப் புருஷன் இட்லியைப் பார்த்தான். "வாசம் ஒரு மாதிரி இருக்கே."

"புதுசுல அப்படித்தான் தெரியும்," என்றான் ஆவுடையப்பன். "பெரியவங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க சித்தப்பா."

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சங்கரவடிவு பார்க்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது, மாப்பிள்ளை," என்றார் கோமதிநாயகம்.

இவ்வளவு காலம் இதை மற்றவர்கள் அவரிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்வது மிகவும் சுலபமாக இருந்தது. வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் கரைந்து போயிற்று. இன்னொரு தடவைகூடச் சொல்லலாம் போலிருந்தது.

புதுப் புருஷன் இட்லியைப் பிட்டான். சங்கரவடிவின் கண் சுவரை விட்டு இறங்கியது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அவன் முகத்தில் நின்றது. அதே பார்வை. கோமதிநாயகம் முதன்முதலாக அதைப் பக்கவாட்டில் பார்த்தார். பக்கவாட்டில் அது அவ்வளவு அழகாக இல்லை. யாரோ ஒருத்தி எங்கோ பார்ப்பது போலத்தான் இருந்தது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போது மேசைக்கு அடியில் அவள் இடது கையைப் பார்த்தார்.

கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. நன்றாக, கயிறு திரிக்கிற மாதிரி. விரல் நுனி வெளுத்திருந்தது. வலது கால் பெருவிரல் தரையை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தது. விரல் அழுத்திய இடத்தில் சிமெண்டுத் தரை குழிந்திருந்தது. கோலிக்குண்டு நிற்கிற அளவுக் குழி. ஓரமெல்லாம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஒரு மத்தியானத்தில் விழுகிற குழி இல்லை அது. புதுப் புருஷன் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மோர் குடிக்கிற நேரம்தான் ஆகியிருந்தது.

கோமதிநாயகம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"என்ன சித்தப்பா, கை கழுவணுமா?" என்றான் ஆவுடையப்பன்.

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க மேசை நீண்டது. மேசையின் முனையில் ஓரிடத்தில் வெயில் அடித்தது. இன்னோரிடத்தில் கொஞ்சம் குளிர்ந்தது. கணுக்கால் வரை மாவில் இறங்கி ஏறினார். அவர் சுற்றி வந்து சேரும் வரை புதுப் புருஷன் இட்லித் துண்டை வாய்க்கு நேரே பிடித்தபடி காத்திருந்தான். யாராவது நடந்துகொண்டிருக்கும்போது சாப்பிடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல.

"எந்திரிங்க மாப்பிள்ளை," என்றார் கோமதிநாயகம்.

"நீங்க விருந்தாளி மாமா. உங்களுக்குச் சூடா தனியா..."

"எந்திரிவே."

அவன் எழுந்தான். புதுசு என்பதால் சொன்னதைக் கேட்டான். கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு அவரைத் தெரிந்திருந்தது.

"சித்தப்பா, இது முறையில்ல," என்றான் ஆவுடையப்பன். "உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கடையத்துல சித்திக்கு யாரு பதில் சொல்லுது? அந்தம்மாவுக்கு முழங்கால் வேற சரியில்ல."

"அண்ணாச்சி தேதி முடிஞ்சவருல்லா," என்று ஃப்ரிட்ஜ் வாசலிலிருந்து மைனி நினைவுபடுத்தினாள்.

"நான் தட்ட எடுத்துரட்டுமா?" என்றான் புதுப் புருஷன். எங்கே நிற்பது என்று தெரியாமல் காலண்டருக்கு முன்னால் நின்றான்.

கோமதிநாயகம் இட்லித் துண்டை வாயில் வைத்தார்.

கெட்டுப்போயிருந்தது. சந்தேகமே இல்லை. பெட்ரோலும் ஈரச் சாக்கும் பழைய செருப்பும் சேர்ந்து நாக்கில் ஏறின. குருமாவும் சாம்பாரும் இதற்கு முன்னால் நிற்க முடியாது. கண்ணில் நீர் வந்தது. அவர் மெதுவாக மென்றார்.

சங்கரவடிவின் பார்வை புதுப் புருஷன் எழுந்த இடத்திலேயே நின்றிருந்தது. அந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அடுக்களையில் ஏதோ பொங்கி அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

அவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். மேசை விளிம்பு மறைத்தது. நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். அப்போதும் மறைத்தது. அவள் இடது கை என்ன செய்கிறது என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள். சித்தப்பா என்று சேர்க்கவில்லை.

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். கோமதிநாயகம் இன்னும் விழுங்கவில்லை. ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணு தின்னு சொல்ல முடியாது," என்றார். "இன்னொண்ணு வை."